லிக்னோகெய்னா, பியூபிவகெய்னா, ரோபிவகெய்னா: மரப்பு மருந்தைத் தேர்வதில் இதயத்தின் கணக்கு

மரப்பு ஊசிக்கு மருந்து தேர்பவர்கள் முதலில் பார்ப்பது நேரத்தை. ஒரு மணி நேர வேலை என்றால் லிக்னோகெய்ன், இரவு வரை வலி தெரியக்கூடாது என்றால் பியூபிவகெய்ன் என்று கை பழக்கத்தில் நீளும். பெரும்பாலான நாட்களில் இந்தப் பழக்கத்தால் கெடுதல் ஒன்றும் நேர்வதில்லை. நரம்பைச் சுற்றி நிற்க வேண்டிய மருந்து இரத்தக் குழாய்க்குள் போய்விடும் நாளில்தான் இந்த மருந்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கின்றன. ஒன்று சில நிமிடங்களில் இதயத்தை விட்டு விலகிவிடும். மற்றொன்று ஒரு மணி நேரம் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாலும் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

பயிற்சி மருத்துவர்கள், மயக்கவியல் மாணவர்கள், பல் மருத்துவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: “இரண்டு குப்பிகளும் கையில் இருக்கின்றன, எதை எடுப்பது?” லிக்னோகெய்ன் (லிடோகெய்ன் என்பதும் இதுதான்), பியூபிவகெய்ன், ரோபிவகெய்ன், குளோரோபுரோகெய்ன் ஆகிய நான்கையும் இங்கே எடைபோடுகிறோம். லெவோபியூபிவகெய்ன் குணத்தில் ரோபிவகெய்னுக்கு நெருக்கமானது என்பதால் அதனுடன் சேர்த்தே வரும்.

## எதை வைத்து அளப்பது

ஊசி போடும் இடம். ஒரே மருந்து, ஒரே அளவு. இடம் மாறினால் இரத்த அளவு இரண்டு மடங்குக்கும் மேல் மாறும். அட்ரினலின் (இரத்தக் குழாயைச் சுருக்கி உறிஞ்சலை மெதுவாக்குவது) சேர்க்காத லிக்னோகெய்ன் 400 மி.கி.யை விலா எலும்புகளுக்கு இடையே செலுத்தினால் இரத்தத்தில் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு சுமார் 7 மைக்ரோகிராம் வரை ஏறும். அதே 400 மி.கி. கை நரம்புப் பின்னலுக்குப் போனால் சுமார் 3 மைக்ரோகிராம்தான். உறிஞ்சும் வேகத்தில் நேரடி இரத்தக் குழாய்க்கு அடுத்து வருவது மூச்சுக்குழல் சளிச்சவ்வு. பிறகு விலா இடைவெளி, வால் எலும்பு வழி, எபிடியூரல் (முதுகுத் தண்டின் உறைக்கு வெளியே), கை நரம்புப் பின்னல், தொடை நரம்புகள், கடைசியாகத் தோலடி. அதிகபட்ச அளவு என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் எண் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. விலா இடைவெளியில் அந்த எண்ணை நம்பி எல்லை வரை போவது ஆபத்து.

உடலில் பரவும் விதம். சிரை வழியே வரும் மருந்தை முதலில் சந்திப்பது நுரையீரல். கணிசமான பங்கை அது பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது, தமனி இரத்தத்தில் ஏறும் உச்சத்தை அதனால் தணிக்கிறது. பிறவி இதயக் குறைபாட்டால் வலப்பக்க இரத்தம் நுரையீரலைத் தொடாமல் இடப்பக்கம் போகும் நோயாளிக்கு இந்தத் தடுப்பணை கிடையாது. அவருக்குச் சாதாரண அளவே அதிகமாகிவிடும். நுரையீரலைத் தாண்டிய மருந்து இரத்த ஓட்டம் மிகுந்த மூளை, இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு முதல் சில நிமிடங்களில் பாய்கிறது. பிறகுதான் தசைக்கு, கடைசியில் கொழுப்புக்கு. தசைக்கு இரத்த ஓட்டம் குறைவு என்றாலும் அதன் எடை பெரிது. அதனால் மருந்தின் பெரும்பங்கு இறுதியில் அங்கேதான் சேர்கிறது. ஆபத்தான காலம் தசை இதை வாங்கிக்கொள்வதற்கு முன் உள்ள இடைவெளிதான்.

புரதத்தில் கட்டுண்ட பங்கு. இரத்தத்தில் இந்த மருந்துகளைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதம். பிடிப்பு வலுவானது, ஆனால் கொள்ளளவு சிறிது. ஆல்புமின் இதற்கு நேரெதிர்: தளர்வாகப் பிடிக்கும், நிறையப் பிடிக்கும். கட்டுண்ட மருந்து இதயத்தைத் தொடாது, கட்டற்றதுதான் தொடும். பியூபிவகெய்ன் 95% கட்டுண்டிருப்பதால் பாதுகாப்பானது என்று நினைப்பது பரவலான பிழை. சட்டென்று பெரிய அளவு இரத்தத்துக்குள் போனால் புரதம் நிறைந்துவிடும், மீதி முழுவதும் கட்டற்று நிற்கும்.

இதயத்தின் சோடியம் கால்வாயில் (செல்லில் மின்துடிப்பை எழுப்பும் நுண்வாயில்) தங்கும் நேரம். நமது கணிப்பில் எல்லாவற்றையும்விடக் கனமான அளவுகோல் இதுதான். கீழே தனியாக விரித்திருக்கிறோம்.

வெளியேறும் வழி. கல்லீரலா, இரத்தத்திலேயே உள்ள நொதியா? கல்லீரல் என்றால் அங்கே போகும் இரத்த ஓட்டம் முக்கியமா, நொதியின் வேகம் முக்கியமா?

சமவலுவான அளவு. மி.கி.க்கு மி.கி. ஒப்பிடுவது ஏமாற்றும். ஒரே அளவு மரப்பைத் தர எவ்வளவு வேண்டும் என்று ஒப்பிட்டால்தான் உண்மையான இடைவெளி தெரியும்.

## இதயத்தில் என்ன நடக்கிறது

ஒவ்வொரு துடிப்பிலும் இதயத் தசையின் சோடியம் கால்வாய்கள் திறந்து, பிறகு ஓய்வு நிலைக்குத் திரும்புகின்றன. மரப்பு மருந்து திறந்த நிலையிலும் செயலிழந்த நிலையிலும் உள்ள கால்வாயில் ஒட்டிக்கொள்ளும்; ஓய்வு நேரத்தில் விலகும். ஒட்டுவதில் லிக்னோகெய்னும் பியூபிவகெய்னும் ஏறக்குறைய ஒரே வேகம். விலகுவதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கிளார்க்சனும் ஹான்டகெமும் 1985-இல் கினிப் பன்றியின் இதயத் தசையில் அளந்தபோது, விலகலின் நேர மாறிலி லிக்னோகெய்னுக்கு சுமார் 0.15 நொடி, பியூபிவகெய்னுக்கு சுமார் 1.5 நொடி என்று வந்தது.

இந்த எண்ணை நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயத்தில் பொருத்திப் பார்க்கலாம். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஓய்வு அரை நொடி என்று வைத்துக்கொண்டால், அந்த அரை நொடியில் லிக்னோகெய்ன் ஏறக்குறைய முழுவதும் விலகிவிடுகிறது. 4% போல மிஞ்சும். பியூபிவகெய்னில் 70%க்கும் மேல் ஒட்டியபடியே இருக்கும், அதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். துடிப்புக்குத் துடிப்பு அடைப்பு சேர்ந்துகொண்டே போகும். இதயம் வேகமாகத் துடித்தால் ஓய்வு இன்னும் குறையும், அடைப்பு இன்னும் கூடும். ஈசிஜியில் முதலில் பிஆர் இடைவெளி (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னோட்டம் வரும் நேரம்) நீளும், கியூஆர்எஸ் (கீழறையின் மின்னலை) அகலும். பிறகு கீழறைத் துரிதத் துடிப்பு, கீழறை நடுக்கம், அல்லது இதயம் நேரடியாக நின்றுவிடுவது.

மின்சாரத்தோடு சிக்கல் முடிவதில்லை. இதயத் தசை தன் ஆற்றலில் பெரும்பகுதியைக் கொழுப்பு அமிலத்தை எரித்துத்தான் பெறுகிறது. அந்தக் கொழுப்பு அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசேர்க்கும் கார்னிட்டின் கடத்தியைப் பியூபிவகெய்ன் தடுக்கிறது. மின்னோட்டமும் இல்லை, எரிபொருளும் இல்லை. கொழுப்பில் நன்கு கரையும் மருந்து செல்லுக்குள் எளிதாக நுழையும் என்பதால் இந்தத் தாக்கம் பியூபிவகெய்னில் கடுமையாகத் தெரிகிறது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | லிக்னோகெய்ன் | பியூபிவகெய்ன் | ரோபிவகெய்ன் | குளோரோபுரோகெய்ன் |
|---|---|---|---|---|
| வேதி வகை | அமைடு | அமைடு | அமைடு | எஸ்டர் |
| தொடங்கும் வேகம் | விரைவு | மெதுவு | மெதுவு | மிக விரைவு |
| நரம்பு பிளாக்கில் (நரம்பருகே செலுத்தும் மரப்பில்) நிற்கும் நேரம் | 1–3 மணி | 6–12 மணி, சில வேளை மேலும் | 5–10 மணி | 30–60 நிமிடம் |
| புரதப் பிணைப்பு | சுமார் 65% | சுமார் 95% | சுமார் 94% | பொருட்படுத்த வேண்டியதில்லை |
| உடலை விட்டு நீங்கும் அரை ஆயுள் | சுமார் 1.6 மணி | சுமார் 2.7 மணி | சுமார் 1.8 மணி | இரத்தத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு |
| வழக்கமான உச்ச அளவு, கிலோவுக்கு | 4.5 மி.கி.; அட்ரினலினுடன் 7 | 2–2.5 மி.கி. | 3 மி.கி. | 11 மி.கி.; அட்ரினலினுடன் 14 |
| கால்வாயை விட்டு விலகல் | வேகம் | மிக மெதுவு | இடைப்பட்டது | வேகம் |
| நச்சேறினால் மீட்பு | பெரும்பாலும் எளிது | கடினம், நீளும் | பியூபிவகெய்னைவிட எளிது | பெரும்பாலும் தானாகவே தணியும் |

உச்ச அளவுகள் நாட்டுக்கு நாடு, கையேட்டுக்குக் கையேடு கொஞ்சம் மாறும். பணியிடத்தின் நெறிமுறை இதைவிடக் குறைந்த எண்ணைச் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும்.

## லிக்னோகெய்ன்

1943-இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கிய மருந்து. இதயத்தைப் பொறுத்தவரை இதன் குணம் விசித்திரமானது: மில்லிலிட்டருக்கு 1.5 முதல் 5 மைக்ரோகிராம் வரை இது கீழறைத் துடிப்புக் கோளாறுக்கு மருந்தாகவே பயன்பட்டு வந்திருக்கிறது. அந்த எல்லையின் மேல்முனையில் நாக்கு மரக்கும், காதில் இரையும். 10-ஐ நெருங்கும்போது வலிப்பு வரலாம். இரத்த ஓட்டம் சரிவதற்குப் பொதுவாக 20-ஐத் தாண்ட வேண்டும். முதல் எச்சரிக்கைக்கும் இதய நிறுத்தத்துக்கும் நடுவே இவ்வளவு அகலமான இடைவெளி இருப்பதுதான் லிக்னோகெய்னின் பலம். செம்மறியாடுகளில் செய்த ஆய்வில், இரத்த ஓட்டம் சரிய வைக்கும் அளவு வலிப்பு வரவழைக்கும் அளவைப்போல லிக்னோகெய்னுக்கு சுமார் 7 மடங்கு, பியூபிவகெய்னுக்கு 3.7 மடங்கு.

மறைந்திருக்கும் விலை அதன் குறுகிய நேரத்தில் இருக்கிறது. மரப்பு கலைகிறது, இன்னொரு 5 மி.லி., மறுபடி இன்னொரு 5 மி.லி. என்று போடுகிறோம். நரம்பில் கலைந்துவிட்ட மருந்து உடலிலிருந்து போய்விடவில்லை. தசையிலும் இரத்தத்திலும் இருக்கிறது. இரண்டாவது ஊசியின்போது முதல் ஊசியின் அளவையும் சேர்த்தே கூட்ட வேண்டும். கல்லீரலில் இது உடைந்து வரும் பொருளுக்கும் வலிப்பைத் தூண்டும் குணம் உண்டு.

கல்லீரல் லிக்னோகெய்னைப் பிடித்து அகற்றும் திறன் அதிகம். ஆகவே வெளியேற்றம் கல்லீரலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தைப் பொறுத்தது. இதயச் செயலிழப்பில் அந்த ஓட்டம் குறையும். உடலில் மருந்து பரவும் கொள்ளளவும் சுருங்கும். புரோப்ரனலால், சிமெட்டிடின் எடுப்பவர்களிடமும் வெளியேற்றம் மந்தப்படும். இவர்களுக்குத் தொடர் சொட்டாகக் கொடுப்பதாக இருந்தால் வேகத்தைப் பாதியாக்குவது வழக்கம்.

கணக்கில் விட்டுப்போகும் இன்னொரு வழி தொண்டைக்கு அடிக்கும் ஸ்பிரே. 10% ஸ்பிரேயில் ஒரு அழுத்தத்துக்கு 10 மி.கி. பத்து முறை அடித்தால் 100 மி.கி., அதுவும் உறிஞ்சும் வேகம் மிகுந்த சளிச்சவ்வில். ஸ்பிரேயையும் ஜெல்லையும் ஊசியையும் ஒரே நோயாளிக்குத் தனித்தனி ஆட்கள் கொடுக்கும் இடங்களில் மொத்தத்தை யாரும் கூட்டுவதில்லை.

இது சிறந்த தேர்வாகும் இடங்கள்: தையல், சிறு கட்டி நீக்கம், பல் வேலை, ஏற்கனவே இதய மின்கடத்தலில் கோளாறு உள்ளவருக்குச் சிறு அளவு மரப்பு. கையில் பட்டை இறுக்கி சிரை வழியே செய்யும் பையர் பிளாக்குக்கு 0.5% லிக்னோகெய்ன் 40 மி.லி., அதாவது 200 மி.கி., கிலோவுக்கு 3 மி.கி.யைத் தாண்டாமல் கொடுக்கலாம். அறுவை ஐந்து நிமிடத்தில் முடிந்தாலும் பட்டையை குறைந்தது 20 நிமிடம் அவிழ்க்கக் கூடாது. அதற்கு முன் அவிழ்த்தால் திசுவில் ஒட்டாத மருந்து மொத்தமாக இதயத்துக்குப் பாயும்.

தோலடிக் கொழுப்பில் மிக நீர்த்த லிக்னோகெய்னை லிட்டர் கணக்கில் நிரப்பும் முறையில் கிலோவுக்கு 35 மி.கி. வரை போகலாம் என்று ஜெஃப்ரி கிளைன் 1990-இல் காட்டினார். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மற்ற இடங்களிலும் எல்லையைத் தளர்த்தக் கூடாது. அங்கே மருந்து கொழுப்பில் சிறைப்பட்டு மெதுவாகக் கசிகிறது, உச்சமே சுமார் 12 மணி நேரம் கழித்துத்தான் வரும். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு உச்சம் ஏறும் என்பது அந்த முறையின் தனி விலை.

## பியூபிவகெய்ன்

1957-இல் வந்தது. குறைந்த அளவில் ஆழ்ந்த மரப்பு, நீண்ட நேரம், எங்கும் கிடைக்கும். இந்த மூன்றும் சேர்ந்ததால் இதை விட யாருக்கும் மனம் வருவதில்லை. இதன் மூலக்கூறு வலக்கை, இடக்கை என்ற இரண்டு வடிவங்களின் சரிபாதிக் கலவை. கால்வாயை இறுகப் பிடித்துக்கொள்வது முக்கியமாக வலக்கை வடிவம். பிற்காலத்தில் இடக்கை வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்ததன் காரணமும் அதுதான்.

1979-இல் ஜார்ஜ் ஆல்பிரைட் எழுதிய தலையங்கம், பியூபிவகெய்னும் எட்டிடோகெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்தும் செலுத்தியபின் நேர்ந்த இதய நிறுத்தங்களைச் சுட்டிக்காட்டியது. வலிப்போடு சேர்ந்தே இதயம் நின்றது, மீட்பது கடினமாக இருந்தது என்பதுதான் அதில் கவலைக்குரிய செய்தி. பிரசவத்தில் 0.75% பியூபிவகெய்னைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் 1984-இல் எச்சரிக்கை வந்தது. கர்ப்பத்தில் எபிடியூரல் சிரைகள் புடைத்திருக்கும், குழாய் நுனி அவற்றுக்குள் போக வாய்ப்பு அதிகம். ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதமும் குறைந்திருக்கும். பையர் பிளாக்கில் பியூபிவகெய்னுக்கு இடமே கிடையாது. பட்டை நழுவி உயிர்கள் போயிருக்கின்றன.

இன்னொரு சிக்கல் எச்சரிக்கை நேரம். லிக்னோகெய்னில் நாக்கு மரப்பு, காதிரைச்சல், தசைத் துடிப்பு, வலிப்பு, பிறகு இதயம் என்ற படிவரிசை பெரும்பாலும் தெரியும். பியூபிவகெய்னில் படிகள் நெருக்கமானவை. நோயாளிக்கு முன்பே தூக்க மருந்து கொடுத்திருந்தால் பேச்சுக் குழறலும் காதிரைச்சலும் மறைந்துவிடும்; நமக்குத் தெரியும் முதல் அடையாளமே அகன்ற கியூஆர்எஸ்ஸாக இருக்கலாம்.

அளவுக் கணக்கைச் செய்து பார்த்தால் எல்லை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது புரியும். 0.5% என்றால் மில்லிலிட்டருக்கு 5 மி.கி. 60 கிலோ நோயாளிக்கு கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால் 120 மி.கி., அதாவது 24 மி.லி. வயிற்றுச் சுவரின் இரு பக்கமும் தசைத் தளத்தில் 20 மி.லி. வீதம் 0.5% நிரப்பினால் 200 மி.கி.; கிலோவுக்கு 3.3 மி.கி. ஆகி எல்லையைத் தாண்டிவிட்டோம். தசைத் தள பிளாக்குகளில் பரப்புதான் வேலை செய்கிறது, செறிவு அல்ல. 0.25% போதும். 40 மி.லி.க்கு 100 மி.கி., கிலோவுக்கு 1.7.

இவ்வளவு சொன்ன பிறகும் பியூபிவகெய்ன் முதல் தேர்வாகும் இடம் ஒன்று உண்டு: ஸ்பைனல், அதாவது முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள திரவத்தில் செலுத்துவது. அங்கே 10 முதல் 15 மி.கி.தான் போகிறது, இரத்தத்தில் ஏறுவது பொருட்படுத்தத் தக்கதல்ல. ஸ்பைனலுக்குப் பின் துடிப்பு மந்தமானால் காரணம் மருந்து இதயத்தைத் தொட்டதல்ல. முதுகுத் தண்டின் முதல் நான்கு நெஞ்சுப் பகுதிகளிலிருந்து இதயத்தை வேகப்படுத்தும் நரம்புகள் அடைபட்டதும், கால் சிரைகளில் இரத்தம் தேங்கி இதயத்துக்குத் திரும்புவது குறைந்ததும்தான். அதற்குச் சிகிச்சையும் வேறு: திரவம், குழாய் இறுக்கும் மருந்து, அட்ரோபின், தேவைப்பட்டால் அட்ரினலின். பிரசவ வலிக்கு 0.1% போன்ற மிக நீர்த்த எபிடியூரல் கலவையும் இதன் நல்ல பயன்பாடுதான்.

கொழுப்புக் குமிழ்களில் அடைத்த நீள்செயல் பியூபிவகெய்ன் 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே இடத்தில் லிக்னோகெய்ன் போட்டிருந்தால் 20 நிமிடமாவது பொறுத்துத்தான் இதைச் செலுத்த வேண்டும். லிக்னோகெய்ன் குமிழிலிருந்து பியூபிவகெய்னை ஒரேயடியாக விடுவித்துவிடும்.

## ரோபிவகெய்ன், லெவோபியூபிவகெய்ன்

இரண்டும் இடக்கை வடிவம் மட்டுமே கொண்டவை. ரோபிவகெய்ன் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பியூபிவகெய்னைவிடக் கொழுப்பில் கொஞ்சம் குறைவாகக் கரையும், கால்வாயை விட்டு விரைவாக விலகும், உடலை விட்டும் விரைவாக நீங்கும். கை, கால் அசைவைக் குறைவாகத் தடுப்பதால் அறுவைக்குப் பின் எழுந்து நடக்க வேண்டியவருக்கு வசதி.

சமவலுவைப் பற்றி முன்பே சொன்னது இங்கேதான் கைகொடுக்கிறது. பிரசவ எபிடியூரலில் அளந்தபோது ரோபிவகெய்னின் வலு பியூபிவகெய்னில் சுமார் 60% என்று வந்தது. 50 கிலோ நோயாளிக்குக் கை நரம்புப் பின்னலில் 20 மி.லி. போடுகிறோம் என்று கொள்வோம். 0.5% பியூபிவகெய்ன் 100 மி.கி., கிலோவுக்கு 2 மி.கி. “ரோபிவகெய்ன் பாதுகாப்பானது, அதனால் 0.75% போடலாம்” என்று முடிவெடுத்தால் 150 மி.கி., கிலோவுக்குச் சரியாக 3 மி.கி. எல்லையில் வந்து நிற்கிறோம். பாதுகாப்புக்காக மருந்தை மாற்றி, அந்தப் பாதுகாப்பைச் செறிவாகச் செலவழித்துவிட்டோம். இங்கே 0.5% ரோபிவகெய்னில் நின்று, ஓரிரண்டு மணி நேரம் குறைவான மரப்பை ஏற்றுக்கொள்வதே நல்ல பேரம் என்பது நம் கருத்து. சமவலுவான அளவிலும் ரோபிவகெய்னின் இதயத் தாக்கம் மென்மையாகவே இருக்கிறது, ஆனால் இடைவெளி குப்பியின் விளம்பரம் சொல்லும் அளவுக்கு அகலமானதல்ல.

ரோபிவகெய்ன் தானே இரத்தக் குழாயைச் சுருக்கும் இயல்புடையது. அதனால் அட்ரினலின் சேர்ப்பதால் நேரம் பெரிதாக நீள்வதில்லை. கல்லீரலில் இதை உடைப்பதில் முக்கியமான நொதியை ஃபுளுவோக்சமின் என்ற மனச்சோர்வு மருந்து தடுக்கும். அந்த மருந்து எடுப்பவருக்குத் தொடர் சொட்டு நாள்கணக்கில் வேண்டாம்.

பெரிய கொள்ளளவு வேண்டிய இடம், தொடர் குழாய் வழி 0.2% சொட்டு, தசைத் தள பிளாக், இதயம் பலவீனமான நோயாளிக்கு நீண்ட மரப்பு: இந்த நான்கிலும் ரோபிவகெய்னை எடுக்கச் சொல்வோம். அடர்ந்த, நீண்ட மரப்பு கட்டாயம் வேண்டும், ஆனால் கொள்ளளவு சிறிது என்றால் லெவோபியூபிவகெய்ன். அதன் வலு பியூபிவகெய்னுக்கு ஏறக்குறைய சமம்.

## குளோரோபுரோகெய்ன்

இரத்தத்திலுள்ள கோலினெஸ்டெரேஸ் நொதி இதை நொடிகளில் உடைத்துவிடுகிறது. தவறி இரத்தக் குழாய்க்குள் போனாலும் தாக்கம் நீடிக்காது. அதனால்தான் அனுமதிக்கும் அளவும் பெரிது. அவசர சிசேரியனுக்கு ஏற்கனவே உள்ள எபிடியூரல் குழாயில் 3% கொடுத்தால் சில நிமிடங்களில் மரப்பு வரும். மூச்சுத்திணறும் கருவின் இரத்தம் அமிலமாக இருக்கும். லிக்னோகெய்ன் அங்கே போய் மின்னேற்றம் பெற்றுத் திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்ளும். குளோரோபுரோகெய்ன் அவ்வளவு தூரம் போவதற்குள் சிதைந்துவிடும்.

குறைகள்: நேரம் குறுகியது, பிறகு அதே குழாயில் கொடுக்கும் மார்பினின் பலனை இது குறைக்கும், கோலினெஸ்டெரேஸ் பிறவியிலேயே குறைந்தவர்களிடம் நச்சு நீடிக்கும். பாதுகாப்புப் பொருள் கலந்த குப்பியை ஸ்பைனலுக்குப் பயன்படுத்தவே கூடாது.

## கலந்து கொடுப்பது ஐந்தாவது தேர்வா?

லிக்னோகெய்னின் வேகமும் பியூபிவகெய்னின் நீளமும் சேர்ந்து கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பலர் இரண்டையும் கலக்கிறார்கள். கலந்ததும் ஒவ்வொன்றும் பாதியாக நீர்த்துவிடுகிறது. வேகமும் முழுதாகக் கிடைக்காது, நேரமும் குறையும். நச்சு மட்டும் கூட்டலாகவே நிற்கும். 60 கிலோ நோயாளிக்கு 2% லிக்னோகெய்ன் 10 மி.லி. (200 மி.கி.) அதன் எல்லையில் 74%. 0.5% பியூபிவகெய்ன் 10 மி.லி. (50 மி.கி.), கிலோவுக்கு 2.5 என்ற தாராளமான எல்லையில் 33%. கூட்டினால் 107%. தனித்தனியாகப் பார்த்தவருக்கு இரண்டும் எல்லைக்குள் இருப்பதாகத்தான் தெரியும்.

## நோயாளியைப் பொறுத்து மாறும் கணக்கு

பிறந்த குழந்தைகளிடம் ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதம் மிகக் குறைவு, கல்லீரல் நொதிகளும் முதிரவில்லை. பியூபிவகெய்ன் தொடர் சொட்டு மணிக்குக் கிலோவுக்கு 0.2 மி.கி.க்கு மேல் போகக் கூடாது; பெரிய குழந்தைகளுக்கு 0.4 வரை.

அறுவைக்குப் பின் நிலைமை தலைகீழ். காயத்துக்கு எதிர்வினையாக அந்தப் புரதம் சில நாட்களில் ஏறும். தொடர் எபிடியூரலில் இருப்பவரின் மொத்த மருந்து அளவு மூன்றாம் நாளில் கூடியிருந்தாலும் கட்டற்ற பங்கு அப்படிக் கூடியிருக்காது. மொத்த அளவை மட்டும் பார்த்துப் பதறி நல்ல வலி நிவாரணத்தை நிறுத்த வேண்டியதில்லை. அறிகுறிகளைப் பார்க்க வேண்டும்.

கல்லீரல் நோயில் ஒற்றை ஊசியின் அளவைப் பெரிதாகக் குறைக்க வேண்டியதில்லை. முதல் உச்சத்தைத் தீர்மானிப்பது பரவல். திரும்பக் கொடுப்பதும் தொடர் சொட்டும்தான் சேர்ந்துகொண்டே போகும். முதியோர், மெலிந்தவர்கள், கர்ப்பிணிகளுக்கு அளவைக் குறைத்தே தொடங்க வேண்டும். பருமனானவருக்கு மொத்த எடையை வைத்துப் பெருக்காமல், உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துப் பெருக்குங்கள்.

## எந்த மருந்தானாலும் செலுத்தும் முறை

சிரிஞ்சின் தண்டைப் பின்னுக்கு இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்த்து, 3 முதல் 5 மி.லி. வீதம் செலுத்தி, 15 முதல் 30 நொடி பொறுத்துத் தொடர வேண்டும். மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அட்ரினலின் கலந்த 1.5% லிக்னோகெய்ன் 3 மி.லி.யைச் சோதனை அளவாகக் கொடுத்தால், குழாய்க்குள் போயிருந்தால் ஒரு நிமிடத்துக்குள் துடிப்பு எகிறும். பீட்டா தடுப்பான் (இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து) எடுப்பவரிடம் துடிப்பு எகிறாமல் போகலாம்; அவருக்கு இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். அல்ட்ராசவுண்ட் வழிகாட்டுதல் ஆபத்தைக் குறைக்கிறது, இல்லாமலாக்குவதில்லை.

நேராகக் குழாய்க்குள் போனால் அறிகுறி ஓரிரு நிமிடங்களில் வரும். திசுவிலிருந்து உறிஞ்சப்பட்டு ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகலாம். பெரிய பிளாக் முடிந்ததும் நோயாளியைத் தனியே விட்டுவிட்டு நகர்வதால்தான் இரண்டாவது வகை கண்ணில் படாமல் போகிறது.

## நச்சேறிவிட்டால்

முதலில் ஆக்சிஜனும் மூச்சும். வலிப்பில் இரத்தம் அமிலமாகும், கரியமில வாயு ஏறும். இரண்டும் சேர்ந்து புரதப் பிடிப்பைத் தளர்த்திக் கட்டற்ற பங்கைக் கூட்டும். மூளைக்கு இரத்த ஓட்டத்தையும் கூட்டும். மூச்சைச் சீராக்குவதே மருந்தின் பரவலை நமக்குச் சாதகமாகத் திருப்பும் முதல் படி. வலிப்பை மிடசோலம் போன்ற மருந்தால் அடக்குங்கள்.

அடுத்தது 20% கொழுப்புக் குழம்பு. கை வீன்பெர்க் (Guy Weinberg) என்பவரின் குழு 1998-இல் எலிகளில் இதன் பலனைக் காட்டியது, 2006-இல் மனிதரில் வெற்றி பதிவானது. இரத்தத்தில் ஓடும் கொழுப்புத் துளிகள் மூளையிலும் இதயத்திலும் உள்ள மருந்தை வாங்கித் தசைக்கும் கல்லீரலுக்கும் சுமந்துபோகின்றன. 60 கிலோ நோயாளிக்கு கிலோவுக்கு 1.5 மி.லி. வீதம் 90 மி.லி.யை 2–3 நிமிடத்தில் கொடுத்து, பிறகு நிமிடத்துக்கு 15 மி.லி. (கிலோவுக்கு 0.25) ஓடவிட வேண்டும். நிலை திரும்பாவிட்டால் முதல் அளவை மீண்டும் கொடுத்து, ஓட்டத்தை இரட்டிப்பாக்கலாம். மொத்தம் கிலோவுக்கு 12 மி.லி.யைத் தாண்டக் கூடாது. புரோப்போஃபாலும் கொழுப்பில்தான் இருக்கிறது என்று அதை மாற்றாக நினைப்பது பெருந்தவறு. அதிலுள்ள கொழுப்பு போதாது, இதயத்தை அமுக்கும் மருந்தோ அதிகம்.

வழக்கமான மறுஉயிர்ப்பு முறையிலிருந்து இங்கே மாறும் இடங்களை மனதில் பதிய வைக்க வேண்டும். அட்ரினலின் 1 மி.கி. அல்ல, கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் வரை. 60 கிலோவுக்கு 60 மைக்ரோகிராம். வேசோபிரெசின், கால்சியம் தடுப்பான், பீட்டா தடுப்பான் வேண்டாம். துடிப்புக் கோளாறுக்கு லிக்னோகெய்ன் கூடவே கூடாது. அடைபட்ட கால்வாயில் மேலும் அடைப்பாகும். அமியோடரோன் கொடுக்கலாம். பியூபிவகெய்ன் என்றால் நெஞ்சழுத்தத்தைச் சீக்கிரம் கைவிடாதீர்கள், இதய–நுரையீரல் இயந்திரம் உள்ள இடத்துக்குத் தொடக்கத்திலேயே தகவல் கொடுங்கள். தசையும் கல்லீரலும் மருந்தை வாங்கிக்கொள்ள நேரம் கொடுப்பதுதான் அந்த நீண்ட அழுத்தத்தின் வேலை.

துடிப்பு திரும்பி நிலைத்த பிறகும் கொழுப்புக் குழம்பைக் குறைந்தது 15 நிமிடம் ஓடவிடுங்கள். தசையில் சேர்ந்த மருந்து மெதுவாக இரத்தத்துக்குத் திரும்பும், நச்சு மறுபடி தலைதூக்கலாம். பாதிப்பு வலிப்பைத் தாண்டவில்லை என்றால் 2 மணி நேரம், இதயம் தாக்கப்பட்டிருந்தால் 4 முதல் 6 மணி நேரம் ஈசிஜி திரையை விட்டுக் கண் எடுக்கக் கூடாது.